தாத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த கம்பிகள் எதற்கு?

ரங்கூனில் உங்கள் தாத்தா விட்டுப்போன தகரப் பெட்டியில் கிடைத்த கருவிகளைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் "இதெல்லாம் திருடர்கள் வைத்திருக்கும் சாமான்" என்று சொன்னது உங்கள் மனதை அரிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தான் முதலில் பதில்: உங்கள் தாத்தா பூட்டு ரிப்பேர் பார்த்தவர். என் தாய்மாமாவும் ரங்கூனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அதே வேலைதான் பார்த்தார். பள்ளி விட்டதும் அவருக்கு அரம் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான்.

படத்தில் இடது ஓரம் இருக்கும் பித்தளைத் தண்டைப் பாருங்கள். ஒரு முனை தட்டை, மறுமுனை பிறை போலக் குழிந்தது. லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861-இல் காப்புரிமை வாங்கிய 'பின்' (pin) பூட்டு வகையில், சாவியோடு சேர்ந்து சுற்றும் உருளை ஒன்று உண்டு. அதற்கு மேலே வரிசையாகக் குட்டிப் பின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஸ்பிரிங். உருளையை வெறுமனே உருவினால் அத்தனையும் தெறித்துவிடும். அதனால் உருளை வெளியே வர வர, பின்னாலேயே இந்தத் தண்டைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். "விடாமத் தள்ளுடா மாப்ளே" என்பார் மாமா. ஒருநாள் நான் நூலளவு இடைவெளி விட்டுவிட்டேன். தலைமுடி கனத்தில் இருந்த ஸ்பிரிங் பறந்துபோய்ப் பலகை இடுக்கில் விழுந்தது. விளக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துத் தேடினோம். திருட வருகிறவன் பூட்டைப் பிரித்துத் திரும்பச் சேர்க்கவா போகிறான்? இந்தத் தண்டு அவனுக்கு எதற்கு?

அடுத்தது, எல் வடிவத்தில் வளைந்த தட்டைக் கம்பி. ஏதோ உடைந்த துண்டு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பெட்டியில் முக்கியமானதே அதுதான். சாவித் துவாரத்தின் ஓரத்தில் அதை வைத்து லேசாகத் திருப்பிப் பிடிப்பார்கள். எவ்வளவு நுணுக்கமாகச் செய்த பூட்டிலும் பின்கள் உட்காரும் துளைகள் ஒரே நேர்கோட்டில் அமையாது. அதனால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகாமல் ஒன்றன் பின் ஒன்றாக இறுகும். கொக்கி முனைக் கம்பி அந்த இறுகிய பின்னைத் தேடி உயர்த்துவதற்கு. அலை அலையாக நெளிந்த முனை, பல பின்களை ஒரே வீச்சில் வருடிப் பார்ப்பதற்கு.

தூண்டில் முள் போல முனையில் மீன்செதில் வெட்டுடன் இருப்பது உடைந்த சாவியை இழுத்தெடுக்கிற கம்பி. அடைமழை மாதங்களில் இரும்புக் கேட்டின் பூட்டு துருவேறி இறுகிவிடும். அவசரத்தில் முறுக்கினால் பித்தளைச் சாவி பாதியில் ஒடியும். மாமாவிடம் வந்த வேலையில் பெரும்பகுதி இதுதான்.

குழாய்க்குள் கம்பி ஓடுகிற கருவி எனக்கே ஆசையாக இருக்கிறது. அது பின் பூட்டுக்கு ஆகாது. லீவர் பூட்டுக்கு, அதாவது பழைய இரும்புப் பெட்டிகளிலும் திண்டுக்கல் பூட்டுகளிலும் இருக்கிற தகடு வகைக்கு. வெளிக்குழாய் தாழ்ப்பாளை அழுத்தும், உள்கம்பி தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கும். 1851-இல் லண்டன் பொருட்காட்சி நடந்த சமயத்தில் சப் (Chubb) நிறுவனத்தின் லீவர் பூட்டைத் திறந்து காட்டிய அமெரிக்கர் ஹாப்ஸின் பெயரைத்தான் இந்த வகைக்கு வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு அவர் ஜோசப் பிரமா (Bramah) வடிவமைத்த பூட்டையும் திறந்தார். அது லீவர் பூட்டு அல்ல. பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது! சினிமாவில் காட்டுவது போல நொடியில் நடக்கிற காரியம் இல்லை இது.

வளையத்தில் கோத்த, நடுப்பகுதியை அராவி எடுத்துவிட்ட சாவிகள், வேறு சாவியை மறிக்க உள்ளே தடுப்புகள் வைத்த பழைய பூட்டுகளுக்கு. உள்ளே இடிக்கிற இடமெல்லாம் அறுபட்டிருப்பதால் ஒரே சாவி பல பூட்டில் நுழையும். அவ்வளவுதான்.

துருவைப் போக்க உப்புத்தாள் போடாதீர்கள், முனையின் வடிவம் போய்விடும். தையல் மெஷின் எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போதும். வீட்டுக் கதவில் விட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பழைய எஃகு உள்ளே ஒடிந்தால், அதை எடுக்க அந்தச் செதில் கம்பியைத்தான் தேட வேண்டியிருக்கும்.