தாலியம் மோனோசெலினைடு ஏன் டயாகாந்தத் தன்மை காட்டுகிறது?

தாலியமும் செலினியமும் 1:1 விகிதத்தில் சேர்ந்த இச்சேர்மத்தில் தாலியம் +2 நிலையில் இருந்தால் இணையற்ற எலக்ட்ரான் இருக்க வேண்டுமே, பிறகு எப்படி டயாகாந்தத் தன்மை (எல்லா எலக்ட்ரான்களும் இணைகளாக இருக்கும்போது, காந்தப் புலத்தால் மெல்ல விலக்கப்படும் தன்மை) என்று கேட்டிருந்தீர்கள். வாய்பாடுதான் ஏமாற்றுகிறது, அங்கே +2 தாலியமே கிடையாது. பாதி அணுக்கள் +3 நிலையில், ஒவ்வொன்றையும் நான்கு செலினியம் அணுக்கள் நான்முகியாகச் சூழ, அந்த நான்முகிகள் விளிம்புகளைப் பகிர்ந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. மீதிப் பாதி +1 நிலையில், தமது வெளிக்கூட்டிலுள்ள 6எஸ் எலக்ட்ரான் இணையை விடாமல், சங்கிலிகளுக்கிடையே எட்டு செலினியம் அணுக்களின் நடுவே அமர்கின்றன. முன்னதில் தாலியம்–செலினியம் தொலைவு சுமார் 2.7 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), பின்னதில் சுமார் 3.4, இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இந்த இரு நிலைகளிலும் இணையற்ற எலக்ட்ரான் இல்லாததால்தான் டயாகாந்தத் தன்மை. படிகம் சங்கிலித் திசைக்கு இணையாக எளிதில் பிளப்பதும் இந்த அமைப்பினால்தான். மாதிரியைத் தயாரிக்கும் எண்ணமிருந்தால், தாலியம் சேர்மங்கள் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும் கொடிய நஞ்சு என்பதால், ஆய்வகப் பொறுப்பாளரிடம் முதலில் பேசிவிடுங்கள்.