சொந்த இடத்திலேயே வாடகைக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்திருக்கிறேன். பக்கத்து மாலில் ஒரு மூலை முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. எழுத்துகளைக் கழற்றிய இடம் மட்டும் வெளுக்காமல் இருப்பதால், சுவரில் ‘சியர்ஸ்’ என்று இன்னமும் படிக்க முடிகிறது. சட்டை முதல் ஃப்ரிட்ஜ் வரை விற்ற கடையாம். “அமேசான் முழுங்கிடுச்சு” என்கிறார் மருமகன். அவ்வளவுதானா?

எம்.

அன்புள்ள எம்.,

மருமகன் சொல்வது பாதி உண்மை. வால்மார்ட்டையும் சேர்த்துக்கொண்டால் முக்கால்.

அமேசானின் வேலையை நூறு வருஷம் முன்பே தபாலில் செய்த கடை அது. 1908 முதல் 1940 வரை வீட்டையே விற்றார்கள், சுமார் 70,000 வீடுகள். படம் பார்த்துப் பணம் கட்டினால் மரம், கதவு, ஆணி எல்லாம் ரயிலில் வந்து இறங்கும். பின்னாளில் மரங்களை அளவாக அறுத்து, எண் போட்டே அனுப்பினார்கள். தங்கள் விலைப்பட்டியல் புத்தகத்தைப் போட்டிக்காரரான மான்ட்கோமரி வார்டுடையதைவிடக் கொஞ்சம் சின்னதாக அச்சடித்தார்களாம். அடுக்கி வைக்கும்போது சின்னதைத்தானே மேலே வைப்போம்!

1993-ல் அந்தப் பெரிய புத்தகத்தை நிறுத்தினார்கள். மறு வருஷமே அமேசான் பிறந்தது. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு, நான் சிரிக்க மாட்டேன். நஷ்டத்தில் ஓடியதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

எனக்கு ஆறாதது அப்புறம் நடந்தது. 2005-ல் எடி லாம்பர்ட் என்ற முதலீட்டாளர் கேமார்ட் என்ற இன்னொரு கடைத்தொடரையும் சியர்ஸையும் ஒன்றாக்கினார். கம்பெனி தன் பங்குகளையே திரும்ப வாங்கப் பல நூறு கோடி டாலர் செலவழித்தது. கடைகளைப் புதுப்பிக்க மட்டும் கை வரவில்லை. 2015-ல் 200-க்கும் மேற்பட்ட கடை இடங்களை சுமார் 270 கோடி டாலருக்கு விற்றார்கள். வாங்கியது செரிடேஜ் என்ற புதுக் கம்பெனி. அதற்கும் அப்போது தலைவர் லாம்பர்ட்தான். விற்ற இடங்களில் பெரும்பாலானவற்றில் சியர்ஸ் வாடகை கொடுத்துக் கடை நடத்தியது. கம்பெனியைக் காப்பாற்றத்தான் பணம் திரட்டினேன் என்பது அவர் தரப்பு. சொந்தப் பணத்தையும் கடனாகக் கொடுத்தார் என்பது உண்மை. ஆனாலும் வயலை விற்று விதைநெல் வாங்கிய கதைதான். 2018 அக்டோபரில் திவால்.

அந்த மூலையில் அடுத்து என்ன வருகிறதென்று பார்த்து எழுதுங்கள். உடற்பயிற்சிக் கூடம் என்பது என் ஊகம்.