பிள்ளைகளிடம் சிரிக்கலாமா, கூடாதா?

கேள்வி: போன வருடம்தான் ஆசிரியராகச் சேர்ந்தேன். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பு கடைசிவரை என் கைக்கு அடங்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பள்ளி திறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது, இப்போதே தூக்கம் போய்விட்டது. "முதல் மூன்று மாதம் சிரித்துவிடாதே, தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்" என்கிறார் ஒரு மூத்த ஆசிரியர். எனக்கு அது வரவும் வராது, பிடிக்கவும் இல்லை. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?

பதில்: அன்புள்ள டீச்சர்,

31 வருடம் பாடம் நடத்தினேன். பள்ளி திறப்பதற்கு முந்தைய ராத்திரி கடைசி வருடம்வரை எனக்கும் தூக்கம் வந்ததில்லை. அந்தப் பயத்தை லாயக்கின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்கறை இருக்கிற இடத்தில்தான் அது வரும்.

சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். வராத கடுமையை வரவழைத்துக்கொண்டால் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். வகுப்பு அடங்குவது முகத்தை வைத்து அல்ல. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து பார்த்து, 1970இல் தன் முடிவுகளை வெளியிட்டார். சேட்டை நடந்தபிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. மூலையில் சின்னதாக ஒன்று கிளம்பும்போதே அதைக் கவனித்துவிடுவதும், வேலை நடுவில் அறுபடாமல் பார்த்துக்கொள்வதும்தான் நல்ல வகுப்பைப் பிரித்துக் காட்டின.

போன வருடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நீங்கள் வருகைப் பதிவு எடுத்த அந்த ஐந்து நிமிடம், பிள்ளைகளின் கைக்கு என்ன வேலை இருந்தது? பெரும்பாலும் கூச்சல் அங்கேதான் பிறக்கும். அதனால் இந்த வருடம் அவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே பலகையில் இரண்டு கணக்கு எழுதிவிடுங்கள். கடைசி பெஞ்சுக்காரனும் போடக்கூடிய எளிய கணக்கு. வந்ததும் உட்கார்ந்து நோட்டைத் திறந்து அதைப் போட வேண்டும், அவ்வளவுதான். தினமும் அதே மாதிரி. முதல் வாரம் இதைப் பழக்குவதிலேயே பாதி நேரம் போகும். போகட்டும், பாடப்பகுதியைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம், பெயர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பையனை அவனுடைய அண்ணன் பெயரைச் சொல்லியே ஒரு பருவம் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறேன். அண்ணனும் என்னிடம் படித்தவன், அதே முகஜாடை. இவன் ஒரு நாளும் என்னைத் திருத்தவில்லை. ஆனால் விடைத்தாளில் தன் பெயருக்குக் கீழே மட்டும் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போடுவான். அழகுக்காகப் போடுகிறான் என்று நினைத்தேன். எதற்கென்று புரிந்தபோது பருவம் முடிந்திருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்; "பரவாயில்லை டீச்சர்" என்றான். இன்னும் மறக்க முடியவில்லை.

"ஏய், மூணாவது பெஞ்சு" என்று அதட்டினால் மூணாவது பெஞ்சில் யாரும் திரும்ப மாட்டார்கள். பெயரை மெதுவாகச் சொல்லுங்கள், அந்த ஒருவர் திரும்புவார். தொண்டையும் பிழைக்கும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் பழகுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் கணக்கெடுத்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் பொறுத்தார்கள். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். 3 விநாடி சின்னதுதான், வகுப்பில் நிற்கும்போது மட்டும் யுகமாகத் தெரியும். மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்தாலும் சில நாள் சொதப்பும். மதியத்துக்குப் பிந்தைய பாடவேளை என்றால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு நடந்ததை மறுநாள் வகுப்புக்குள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நேற்று சேட்டை செய்தவனும் இன்று முதல் கேள்விக்குக் கை தூக்கலாம், அவனுக்கு அந்த வாய்ப்பு இருக்கட்டும்.

முதல் வருடத்தை வைத்து லாயக்கைத் தீர்மானிக்க முடியாது. அது எல்லோருக்கும் தடுமாற்றம்தான், அந்த மூத்த ஆசிரியருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். முடிந்தால் அவர் வகுப்பிலேயே ஒரு பாடவேளை பின்னால் உட்கார்ந்து பாருங்கள். சிரிக்காமல் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டாம், அவருடைய கண் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள்.

சரி, பத்து நாள் இருக்கிறது. ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக இன்றே வரைந்து வையுங்கள். பெயர்களை முதல் நாள் பென்சிலால் நிரப்புங்கள். எப்படியும் இடம் மாறி மாறி உட்காருவார்கள்.