எல்லாம் தெரிந்தும் மக்கள் ஏன் எளிதான பாஸ்வேர்டையே வைக்கிறார்கள்?

ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு என் வேலை. "தம்பி, பாஸ்வேர்டு மறந்துடுச்சு" என்ற குரலோடுதான் பாதி நாள் காலை விடியும். அதனால், எளிதான பாஸ்வேர்டு வைப்பதைச் சோம்பேறித்தனம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆகவேண்டும், பெரிய எழுத்து, எண், குறி மூன்றும் வேண்டும் என்பது அலுவலக விதி. ஒருநாள் தூசி தட்டுவதற்காக அவருடைய கீபோர்டைத் தூக்கினேன். அடியில் ஒரு மஞ்சள் சீட்டு. முருகன்@13 என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே முருகன்@14 என்று எழுதியிருந்தது (சாமி பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்). 13 முறை மாற்றம், மூணேகால் வருஷம். ஒரு விதியைக்கூட அவர் மீறவில்லை!

கேட்டால், "காலைல சாமி பேர அடிச்சு ஆரம்பிச்சா மனசுக்கு நிம்மதி தம்பி. இத எவன் வந்து தேடப் போறான்?" என்றார்.

விஷயம் இந்தப் பதிலிலேயே இருக்கிறது. நமக்குப் பிடித்ததுதான் நமக்கு மறக்காது: சாமி, பிள்ளை, பிறந்த வருஷம். அப்புறம், திருடன் என்றதும் நம்மைத் தெரிந்த ஓர் ஆளைத்தான் நினைக்கிறோம். உண்மையில் வருவது ஆள் இல்லை, ஒரு பட்டியலை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் புரோகிராம். 2009-ல் ராக்யூ என்ற தளத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியாயின. அவற்றில் ஏறக்குறைய 2.9 லட்சம் பேர் வைத்திருந்தது 123456. இன்றைக்கும் பாஸ்வேர்டு உடைப்பவர்கள் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள். நான் மட்டும் என்ன, பல வருஷம் என் பைக் நம்பரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தேன். அதை வண்டிக்கு முன்னும் பின்னும் எழுதிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினேன்.

இன்னொன்று, பாஸ்வேர்டு கேட்கும் நேரம். டிக்கெட் எடுக்கும் அவசரத்தில் புதுக் கணக்குத் தொடங்கச் சொன்னால், மனசு முழுக்க டிக்கெட்டில்தான் இருக்கும். கைக்கு வந்ததை அடித்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

விதிகளைக் கடுமையாக்கினால் சரியாகிவிடுமா? குறி, எண் கேட்கும் வழக்கத்துக்கு வழிவகுத்த 2003-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு வழிகாட்டியை எழுதிய பில் பர், 2017-ல் அதற்காக வருத்தப்பட்டார். அதே ஆண்டு, அந்த வழிகாட்டியை வெளியிட்ட அரசு நிறுவனமே, காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கொருமுறை மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதியது. வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு புதியதை ஊகித்துப் பார்த்தார்கள். 41 சதவீதம் சில நொடிகளில் சிக்கியது. 13-க்குப் பிறகு 14 வரும் என்று கணிக்க எவ்வளவு நேரமாகும்?

இதையெல்லாம் மேலதிகாரிக்கு இரண்டு முறை மெயில் போட்டுவிட்டேன். 90 நாள் விதி அப்படியே இருக்கிறது. அக்கா இப்போது 17-ல் இருக்கிறார்.