அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டை

கேள்வி: எனக்கு வயது 47. நெல்லைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள். புது வருஷ ஆராதனையில், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று ஆளுக்கொரு வேத வசன அட்டை எடுப்போம். என் கணவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், நீடித்த நாட்களால் திருப்தியாக்குவேன் என்ற 91ஆம் சங்கீத வசனம் வந்திருந்தது. மார்ச்சில் மாரடைப்பில் போய்விட்டார். அட்டை இன்னும் அவர் பைபிளுக்குள்தான் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறேன், பாட வாய் வரவில்லை. முழங்கால் போட்டால் கோபம்தான் வருகிறது. சபையின் பெண்கள் சங்கத்து அக்காமார், "அழாதே, விசுவாசத்தில் உறுதியாயிரு" என்கிறார்கள். ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் முன்னால் சிரித்து நடிக்கிறேன். என் விசுவாசம் செத்துவிட்டதா?

பதில்: இல்லை, சகோதரி. ஆண்டவரே இல்லை என்று முடிவு கட்டியிருந்தால் அவர்மேல் உங்களுக்கு இவ்வளவு கோபம் வராது.

அந்த 91ஆம் சங்கீதத்தை வேதத்தில் ஒருவன் உத்தரவாதச் சீட்டு மாதிரி நீட்டுகிறான். சோதனை வேளையில், பிசாசு. உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான் (மத்தேயு 4). இயேசு அதற்கு இணங்கவில்லை. அவரே முப்பது சொச்சம் வயதில் சிலுவையில் இறந்தார். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22ஆம் சங்கீத வரிதான் அங்கே அவர் வாயில் வந்தது. அட்டை எடுப்பது அன்பான வழக்கம், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒருவருடைய ஆயுளைக் கணித்துச் சொல்வது அதன் வேலை இல்லை.

பாட வரவில்லையா, சரி. 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, எல்லாரும் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடு நின்றுவிடும். அதுவும் ஜெபம்தான். அக்காமார் அதை வாசித்ததில்லை போலிருக்கிறது.

சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பவும் படுத்துக்கொண்டார் (1 இராஜாக்கள் 19). உங்களுக்கும் முதல் தேவை தூக்கம். இந்த விழிப்பு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது. இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே பேசிவிட வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

மகள் முன்னால் நடிக்காதீர்கள். அவளும் அப்பாவை இழந்தவள். நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தால் அவள் யாரிடம் போய் அழுவாள்? குடும்ப ஜெபத்துக்கு உட்காரும் நேரத்தில் வார்த்தை வராவிட்டால், அவள் அப்பாவைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டிருங்கள்.