நெட்வொர்க் கார்டு சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை; மதர்போர்டையே மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு போர்டை மாற்றிவிடாதீர்கள். இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கிறது, கார்டு மதர்போர்டோடு சேர்ந்தே இருப்பதால் போர்டையே மாற்றச் சொல்கிறார் கடைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். கேபிள் எவ்வளவு தூரம் போகிறது, எந்த வழியாகப் போகிறது, மறுமுனையில் இருப்பது எந்த வகை ஸ்விட்ச் (பல கணினிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. கடைக்காரரும் கேட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். இப்படிக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தால் நான் வேலை பார்க்கும் இடத்தில் நிறையப் பணம் வீணானது, அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை. நான் கணினிப் பொறியாளர் அல்ல. செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடையில் உள்ள ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் கணினி நின்றால் முதலாளிக்கும் லாரி ஓட்டுநருக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதால், இந்த விஷயத்தை அடிவரை தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது என்ற பிடிவாதம் எனக்கு உண்டு.

எங்கள் அரிசியில் பெரும்பகுதி ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கு இணையத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும் என்ற விதி 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரியும் வந்துவிட்டது. எடைமேடை அறையில் இருக்கும் கணினியில் எடை பதிவாகி, அது அலுவலகக் கணினிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நான் பில் போட முடியும். இடையில் இணைப்பு அறுந்தால், மூட்டை ஏற்றித் தார்ப்பாய் கட்டிய லாரி வாசலிலேயே நிற்கும்.

கோளாறு தொடங்கியது, அலுவலகத்தில் இருந்த பழைய 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 100 மெகாபிட்) வேக ஸ்விட்சை எடுத்துவிட்டு, அதைவிடப் பத்து மடங்கு வேகமான ஜிகாபிட் ஸ்விட்ச் வைத்த பிறகு. எடைமேடைக் கணினியில் மட்டும் இணைப்பு சில நிமிடம் இருக்கும், போகும், தானாகவே திரும்ப வரும். வெளியூரிலிருந்து வந்த சர்வீஸ்காரர் முதலில் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டார். பிறகு விண்டோஸ் முழுவதையும் புதிதாக ஏற்றினார். எடைமேடை மென்பொருளைத் திரும்ப அமைப்பதற்கு இன்னொருவருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் தனி நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகினார். அதிலும் அதே கோளாறு வந்தது. போர்டோடு சேர்ந்த கார்டிலும் தனியாகச் செருகிய புதுக் கார்டிலும் ஒரே கோளாறு ஒரே விதமாக வருகிறது என்றால் குற்றம் கார்டில் இல்லை என்பதுதானே நியாயமான முடிவு? அவர் சொன்னதோ, "போர்டில் ஸ்லாட் போயிருக்கும், போர்டை மாற்றினால்தான் சரியாகும்." பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். அவர் ஒருவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கேபிளை முழுநீளத்துக்கும் பார்க்க அரை மணி நேரம் வேண்டும், அதற்குக் கூலி யாரும் கொடுப்பதில்லை. போர்டை விற்றால் லாபம் உண்டு. இந்தக் கணக்குதான் வாடிக்கையாளரின் பணத்தைத் தின்கிறது.

வழியைக் காட்டியவன் எடைமேடையில் நிற்கும் பையன். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாக எங்கள் பக்கம் அடிக்கும் மேல்காற்று எப்படிப்பட்டது என்பது தென்காசி வட்டாரத்தைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஒருநாள் அலுவலக வாசலில் வந்து நின்று, "எக்கா, காத்து ஓங்கி அடிக்கும்போதுதான் அந்த லைட்டு அணையுது, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றான். கணினியின் பின்புறம் கேபிள் செருகும் இடத்தில் உள்ள சிறிய பச்சை விளக்கைத்தான் சொன்னான். உடனே போய்ப் பார்த்தேன். கேபிள் அலுவலகச் சுவரிலிருந்து முற்றத்தைத் தாண்டி அந்தரத்தில் தொங்கி, எடைமேடை அறையின் ஜன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே வருகிறது. காற்றில் அது ஆடும்போதெல்லாம் கம்பியைச் சுற்றிய அந்த வளைவில்தான் இழுபடுகிறது. கணினிப் பக்கம் பிளக்கை அசைத்துப் பார்த்தேன், விளக்கு அசையவில்லை. ஜன்னல் கம்பியருகே கேபிளை இரண்டு விரலால் சற்றே தூக்கினேன், அணைந்தது. விட்டேன், சில விநாடிகளில் எரிந்தது.

பழைய ஸ்விட்ச் இருந்தபோதும் காற்று அடித்ததே, அப்போது ஏன் வரவில்லை என்று முதலாளி கேட்டார். சரியான கேள்வி. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். பிளக்கில் 1, 2, 3, 6 ஆகிய ஊசிகளில் வருபவை அவை. 1999இல் தரப்படுத்தப்பட்ட ஜிகாபிட் முறைக்கு நான்கு ஜோடியும் வேண்டும். எங்கள் கேபிளில் அறுந்திருந்தது பழுப்பு ஜோடி, அதாவது 7, 8ஆம் ஊசிகளுக்குரியது. பழைய ஸ்விட்ச் அந்த ஜோடியைத் தொடவே இல்லை, அதனால் அது அறுந்த சங்கதி வெளியே தெரியவில்லை. இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எந்த வேகத்தில் பேசுவது என்று கணினியும் ஸ்விட்சும் முதலில் தங்களுக்குள் முடிவு செய்துகொள்வது ஆரோக்கியமாக இருந்த அந்த இரண்டு ஜோடிகளின் வழியாகத்தான். ஆகவே இரு பக்கமும் ஜிகாபிட் என்று ஒப்புக்கொள்கின்றன. பிறகு நான்கு ஜோடியையும் சேர்த்துத் தொடர்பை நிறுவ முயலும்போது தோற்கின்றன. மறுபடி முதலிலிருந்து தொடங்குகின்றன. அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வரை எல்லாம் நன்றாக நடக்கும், காற்றில் விலகினால் நின்றுவிடும். கார்டே விட்டுவிட்டு வேலை செய்வது போலத் தோன்றியதற்கு இதுதான் காரணம்.

ஊகத்தில் நிற்கக்கூடாது என்று பழைய ஸ்விட்சையே திரும்ப வைத்துப் பார்த்தோம்; காற்று அடித்தது, இணைப்பு அசையவில்லை. அதன் பிறகே கேபிளை இறக்கி அந்த வளைவில் வெட்டிப் பார்த்தோம். பழுப்புக் கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் மேலே செம்பு, உள்ளே வெள்ளை. முழுச் செம்பு என்று சொல்லி விற்கப்பட்ட அந்தக் கேபிள், உண்மையில் செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். அலுமினியம் மடக்கி மடக்கி நீட்டினால் செம்பைவிடச் சீக்கிரம் முறியும். காற்றுப்பட்டால் அதன் மேற்பரப்பில் மின்சாரம் கடத்தாத படலமும் உருவாகும். எல்லை ஊர்களில் இருக்கும் எங்களுக்கு நல்ல பொருள் வேண்டுமென்றால் திருநெல்வேலிக்கோ கொல்லத்துக்கோ போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே இப்படிப்பட்ட சரக்கைத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கும்போது ஒரு துண்டைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

ஒய்ஃபை போட்டுவிட்டால் போயிற்று, இதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் சொல்வார்கள். ஆலையின் தகரக் கூரையும் இரும்புத் தூண்களும் நடுவில் இருக்கும் இடத்தில் ஒய்ஃபையை நம்பி லாரியை நிறுத்திவைக்க முடியாது. கார்டே பழுதாகாது என்றும் நான் சொல்ல வரவில்லை. ஐப்பசி இடியில் கார்டுகள் போவதை எங்கள் வட்டாரத்தில் நிறையப் பார்க்கலாம். கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு வெளியில் செல்லும் செம்புக் கேபிளில் மின்னல் தூண்டும் மின்னழுத்தம் எளிதாக ஏறும். அதனால்தான் நாங்கள் முற்றத்தைத் தாண்டும் பகுதிக்கு மறுபடி செம்பு போடாமல், இரு முனையிலும் மின் சைகையை ஒளியாகவும் ஒளியை மின் சைகையாகவும் மாற்றும் பெட்டி வைத்துக் கண்ணாடி இழைக் கேபிள் போட்டோம். ஒரே அறைக்குள் இருப்பவருக்கு அது தேவையில்லை.

உங்கள் கணினிக்கு வருகிறேன். இணைப்பு போகும் நேரத்தில் முதலில் அந்தச் சிறிய விளக்கைப் பாருங்கள். அணைந்திருந்தால் கேபிள், பிளக், ஸ்விட்சின் துளை, கார்டு இவற்றில் ஒன்றுதான். அப்போது வேறு கேபிள், ஸ்விட்சில் வேறு துளை என்று ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. இணைப்பின் வேகத்தையும் கவனியுங்கள். இருபுறமும் ஜிகாபிட்டாக இருந்தும் 100 என்று காட்டினால் கேபிளைச் சந்தேகிக்கலாம், ஏனென்றால் சில கார்டுகள் ஜிகாபிட்டில் தோற்றபின் தாமாகவே கீழிறங்கிக்கொள்ளும். வேகத்தை 100 என்று கணினியில் மட்டும் கட்டாயப்படுத்தி வைக்கும்படி யாராவது சொன்னால், சோதனைக்கு மட்டும் செய்யுங்கள். அப்படியே விட்டால் மறுமுனை, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே பேசும் முறைக்கு (ஹாஃப் டூப்ளெக்ஸ்) இறங்கி, இணைப்பு இருந்தும் ஆமை வேகத்தில் நகரும்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்து இணையம் மட்டும் போனால் கதை வேறு. ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் கணினிக்கு உரிய எண்) 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று பொருள். கையால் கொடுத்த முகவரியை ரூட்டர் வேறொரு கைபேசிக்கும் கொடுத்துவிட்டால், அந்தக் கைபேசி வீட்டுக்குள் வரும்போதெல்லாம் உங்கள் இணைப்பு தடுமாறும். கணினியைச் சிறிது நேரம் தொடாமல் விட்டபின் போகிறது என்றால், விண்டோஸில் எல்லாக் கருவிகளையும் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் பண்புகளைத் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி அதை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்குங்கள்; ஈத்தர்நெட்டின் (கேபிள் வழி இணைப்பின்) மின்சேமிப்பு வசதி அங்கே இருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

கார்டு டிவைஸ் மேனேஜரிலிருந்தே மறைந்துபோனால் மட்டும் கார்டை நான் சந்தேகிப்பேன். அப்போதும் ஒன்று செய்யுங்கள். கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி இணையுங்கள். அணைத்த பின்னும் கார்டுக்குக் காத்திருப்பு மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதால், சிக்கிக்கொண்ட நிலை இப்படி முழுவதும் துண்டித்தால்தான் தீரும். அதற்கும் மசியாமல் நல்ல கேபிளிலும் மறைந்துகொண்டே இருந்தால் கார்டு போய்விட்டது என்று கொள்ளலாம். போர்டின் விலையோடு ஒப்பிட்டால் யு.எஸ்.பி.யில் செருகும் லேன் அடாப்டர் மிகக் குறைந்த விலைதான். அதை வாங்கிச் செருகி, பழைய கார்டை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டு, அந்தப் போர்டையே தொடர்ந்து பயன்படுத்துங்கள்.