‘பெட்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: தொடக்கம் ஒன்று, வேர்கள் வேறு

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: “உயர்தரம் படிக்கும் என் மகள், பொது ஆங்கிலத்துக்காக அகராதியைப் பார்த்து அரிய சொற்களைக் கொப்பியில் வரிசையாக எழுதிப் பாடமாக்குகிறாள். பி, ஈ, டி (p, e, d) என்ற எழுத்துகளில் தொடங்கும் சொற்களில் ஒன்றின் பொருளை மற்றொன்றுக்கு மாற்றிச் சொல்கிறாள். இதற்கு வழி உண்டா?”

உங்கள் மகளின் உழைப்பில் குறையில்லை. அந்த வரிசையில்தான் சிக்கல் இருக்கிறது. அகராதி எழுத்தைப் பார்த்துச் சொற்களை அடுக்குமே தவிர, உறவைப் பார்த்து அடுக்காது. தமிழில் கல்வி, கல்லறை, கல்யாணம் ஆகிய மூன்றும் ஒரேமாதிரித் தொடங்கினாலும், முதலாவது கற்றலிலிருந்தும் இரண்டாவது கல்லிலிருந்தும் மூன்றாவது வடமொழியிலிருந்தும் வந்தவை என்பதால், அவற்றை ஒரு குடும்பமாக நாம் எண்ணுவதில்லை. இந்த ஆங்கிலச் சொற்களையும் அப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் குடும்பத்தின் வேர், காலைக் குறிக்கும் இலத்தீன் சொல். நமக்குப் பழகிய ‘பாதம்’ என்ற வடசொல்லும் அதுவும் ஒரே ஆதிமூலத்திலிருந்து பிறந்தவை என்பதால், மகளுக்கு இந்தக் குடும்பம் ஏற்கெனவே பாதி தெரியும். மிதிக்கும் பெடல், பாதங்களைப் பராமரிக்கும் பெடிகியூர், நடக்கும் அடிகளை எண்ணும் பெடோமீட்டர், சிலையைத் தாங்கும் பீடமாகிய பெடஸ்டல் எல்லாம் இங்கே அடங்கும்.

இவற்றுள் பெடஸ்ட்ரியன் என்ற சொல்லுக்கு அதிக கவனம் தேவை. கல்லடியில் நான் நடத்தும் வகுப்பில், ஒருவருடைய உரை ‘பெடஸ்ட்ரியன்’ ஆக இருந்தது என்ற வாக்கியத்தைக் கெட்டிக்கார மாணவி ஒருவர் “பாதசாரியின் உரை” என்று மொழிபெயர்த்தார். அங்கே அதன் பொருள், சுவையோ புதுமையோ இல்லாத சாதாரண உரை என்பதாகும். இலத்தீனிலேயே இந்தச் சொல்லின் மூலம் நடந்து செல்வதையும் உரைநடையையும் சேர்த்துக் குறித்தது. நாமும் ‘உரைநடை’ என்ற சொல்லுக்குள் நடையை வைத்திருக்கிறோம் என்று காட்டியதும் அவருக்கு அது மனதில் பதிந்துவிட்டது.

பெடிகிரீ என்றால் வம்சாவளி. பழைய பிரெஞ்சு மொழியில் ‘கொக்கின் கால்’ என்ற தொடரிலிருந்து அது வந்தது. வம்சப் பட்டியல்களில் தலைமுறை கிளைப்பதைக் காட்டும் கோடுகள் அப்படித் தோன்றின. மட்டக்களப்பு வாவிக்கரைச் சேற்றில் கொக்கு நடந்துபோன தடத்தை, மூன்று விரல்கள் முன்னே விரிந்து ஒரு புள்ளியில் கூடுவதை, மகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு இந்தச் சொல்லை அவர் மறக்கமாட்டார்.

இரண்டாவது குடும்பத்தின் வேர், பிள்ளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெடகொக் இன்று ஆசிரியரைக் குறித்தாலும், கிரேக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிச் செல்லும் அடிமையையே குறித்தது. கற்பித்தல் முறையைச் சொல்லும் பெடகொஜியும் அதன் வழி வந்ததே. குழந்தை மருத்துவமாகிய பீடியாட்ரிக்ஸை, நாம் பின்பற்றும் பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் பி, ஏ, ஈ, டி என்று தொடங்குவோம். இடையில் வரும் அந்த ‘ஏ’, இது காலைப் பற்றிய சொல் அன்று என்பதற்கு நல்ல அடையாளம். ஆனால் பெடகொக்கில் அந்த எழுத்து இல்லாததால், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மூன்றாவது வேர் நிலத்தைக் குறிக்கும் மற்றொரு கிரேக்கச் சொல். மண்ணியலாகிய பெடொலஜி அதிலிருந்து வந்தது.

தெருத்தெருவாகப் பொருள் விற்பவரான பெட்லர், நடந்து திரிவதால் முதல் குடும்பத்தைச் சேர்ந்தவர் போலத் தோன்றுவார். ஆனால் அந்தச் சொல், கூடையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லொன்றிலிருந்து வந்திருக்கலாம் என்றே அறிஞர்கள் கருதுகின்றனர்.

ஆகவே மகளின் கொப்பியில் பாதம், பிள்ளை, மண் என்று மூன்று பக்கங்களைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லை எழுதுமுன், பெரிய அகராதிகள் தரும் சொற்பிறப்புக் குறிப்பைப் பார்த்து உரிய பக்கத்தில் சேர்த்து, தம் ஊரை வைத்து ஒரு வாக்கியமும் அமைக்கட்டும். எந்தப் பக்கத்திலும் சேராத பெட்லர் போன்ற சொற்களைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்தால் போதும்.